ஊசி போடாதவர்கள்

எங்கள் இணையக் குழுவில் யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது. சேரும்போதே அதைக் கழற்றி வைத்துவிட்டு, குடியிருக்கும் பகுதியின் பெயரை வைத்துக்கொள்ள வேண்டும். குகட்பல்லி, ஜீடிமெட்லா, உப்பல், மல்காஜ்கிரி. அதே பகுதியிலிருந்து இன்னொருவர் வந்தால் பக்கத்தில் ஒரு அடையாளம் ஒட்டிக்கொள்ளும்: உப்பல் டிப்போ, குகட்பல்லி மார்க்கெட் என்று. நான் சந்தாநகர். படம் போடலாம், ஆனால் கழுத்துக்குக் கீழே மட்டும். இந்த ஏற்பாட்டையெல்லாம் நான் செய்தது பயத்தில்.

கோபிச்செட்டிபாளையத்திலிருந்து கல்யாணமாகி ஐதராபாத்துக்கு வந்தவள் நான். கணவரும் நானும் மென்பொருள் கம்பெனிகளில் வேலை செய்கிறோம். இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு இடுப்பு வலி விடவேயில்லை. முதுகுத் தசைக்கு வலு ஏற்றச் சொன்னார் டாக்டர். எங்கள் தெருவில் மருந்துக்கடைக்கு மேல்மாடியில் இருந்த ஜிம்மில் சேர்ந்தேன். இடுப்பு வலி சில மாதங்களில் போய்விட்டது. ஆனால் எனக்கு அந்த இரும்பின் மேல் ஒரு பைத்தியம் பிடித்துக்கொண்டது. தரையில் கிடக்கும் ராடைப் பிடித்து, மூச்சை அடக்கி, நிமிர்ந்து நிற்கும்போது வீடு, ஆபீஸ், பிள்ளைகளின் வீட்டுப்பாடம் எதுவும் நினைவில் இருக்காது.

சொல்லிக்கொடுத்த டிரெயினர் நல்ல பையன். வாரங்கல் பக்கம். முதுகு வளையாமல் தூக்குவது எப்படி என்று பொறுமையாகக் காட்டுவான். உடம்பு வரைந்து வைத்தது போல இருக்கும். ஒருநாள் காலை எனக்காகத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தபோது அவன் மூக்கிலிருந்து ரத்தம் வழிந்தது. "சூடு மேடம்" என்று சிரித்துக்கொண்டே துண்டால் அழுத்தினான். துண்டு முழுக்க நனைந்தும் நிற்கவில்லை. அதன் பிறகு அவன் முகம் நாளுக்கு நாள் உப்பியது. பிறகு வருவது நின்றது. கிட்னி போய்விட்டது, ஊருக்கு அழைத்துப் போய்விட்டார்கள் என்று ஜிம் முதலாளி சாதாரணமாகச் சொன்னார். பாத்ரூம் குப்பைக் கூடையில் உடைந்த ஊசிமருந்துக் குப்பிகளை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். யாருக்கோ சர்க்கரை வியாதி போலிருக்கிறது என்று நினைத்திருந்தேன்.

அன்றைக்குப் பிடித்தது பயம். பக்கத்தில் நின்று தூக்குகிறவரைப் பார்த்தால், இவரும் தசை வளர ஊசி போட்டுக்கொள்கிறாரோ என்று தோன்றும். எனக்கு அவர்கள் கலக்கிக் கொடுத்த பவுடரை வீட்டுக்குக் கொண்டுவந்து கழுவுதொட்டியில் கொட்டினேன். சோறு, சாம்பார், முட்டை, தயிர் சாப்பிட்டு, நாளெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்கிற ஒருத்திக்கு மருந்தில்லாமல் எவ்வளவு தசை வளரும், எத்தனை வருஷம் ஆகும்? இணையத்தில் தேடினேன். வெளிநாட்டுக்காரர்கள் அவர்கள் ஊர்ச் சாப்பாட்டைச் சொன்னார்கள். மற்றவர்கள் எதையோ விற்றார்கள்.

அதற்கு முன் வேறொரு குழுவில் ஒரே ஒரு தடவை என் முதுகுப் படத்தைப் போட்டிருந்தேன். தோளில் தசை தெரிய ஆரம்பித்திருந்த சந்தோஷம். அன்று சாயங்காலத்துக்குள் தனிச்செய்தியில் வந்தவற்றை இங்கே எழுத முடியாது. அதில் ஒருவன் எங்கள் அபார்ட்மெண்டின் கேட் என்ன நிறம் என்று சொல்லியிருந்தான். பல வாரங்கள் கேட்டைத் தாண்டும்போதெல்லாம் திரும்பித் திரும்பிப் பார்த்தேன்.

ஆகவே நானே ஒரு குழு தொடங்கியபோது பெயரும் முகமும் வேண்டாம் என்று வைத்தேன். இந்தியில் எழுதினால் வினைச்சொல்லே ஆணா பெண்ணா என்று காட்டிக்கொடுத்துவிடும். அதனால் பெரும்பாலும் ஆங்கிலம், தப்ப முடியாத இடத்தில் இந்தி ஆண்பாலில். எல்லோரும் என்னை அண்ணா என்றார்கள். நான் திருத்தவில்லை.

குழு வளர்ந்ததற்கு என் சாமர்த்தியம் காரணம் என்று சொல்ல மாட்டேன். ஒன்றிரண்டு விஷயங்கள் தற்செயலாகச் சரியாக அமைந்தன. மற்ற இடங்களில் எல்லோரும் ஜெயித்துக்கொண்டேயிருப்பார்கள். எங்களிடம் ஞாயிற்றுக்கிழமை வந்தால் அந்த வாரம் தூக்க முடியாமல் போனதை எழுத வேண்டும். "இன்றும் அதே எடைதான், ஆறாவது மாதமாக" என்று ஒருவர் எழுதினால் ஐம்பது பேர் ஆறுதல் சொல்வார்கள். புதிதாக வந்து கேள்வி கேட்டவருக்கு மறுநாளுக்குள் யாராவது பதில் சொல்லியே ஆக வேண்டும். விற்பனைக்காரர்களை அன்றே வெளியேற்றினோம். ஆட்டோ ஓட்டுகிறவர்கள், கால்சென்டர்காரர்கள், ஷிஃப்ட் தொழிலாளர்கள், கல்லூரி வாத்தியார்கள் என்று சேர்ந்துகொண்டே போனார்கள். கடலை, பருப்பு, ஹாஸ்டல் மெஸ் தட்டு என்று அவரவர் சாப்பாட்டுப் படங்கள் வந்தன.

வளர வளர எனக்குப் பயமும் வளர்ந்தது. வெளியேற்றப்பட்ட விற்பனைக்காரன் ஒருவன், "சந்தாநகர் எந்த ஜிம்முக்குப் போகிறான் என்று எங்களுக்குத் தெரியும்" என்று எழுதினான். நான் ஜிம்முக்குப் போகும் நேரத்தை மாற்றினேன். பின்னால் பைக் வந்தால் ஓரமாக நின்று போகவிட்டேன். வீட்டில் சொல்லவில்லை. சொன்னால், விட்டுத் தொலை என்பார் கணவர். என்னால் விட முடியாது.

அதைவிடப் பெரிய பயம் குழுவைப் பார்த்தே வந்தது. ஊசி போட்டதாகத் தெரிந்தால் வெளியேற்றுவது என்று எல்லோரும் சேர்ந்து வாக்களித்து ஒரு விதி போட்டிருந்தார்கள். அதன் பிறகு யாராவது கொஞ்சம் நன்றாக வளர்ந்த உடம்பைக் காட்டினால் போதும், படத்துக்குக் கீழே நீதிமன்றம் கூடிவிடும். தோளைப் பார், கழுத்தைப் பார், இது சோற்றில் வந்த உடம்பா என்பார்கள். விசாரணையில் முன்னால் நிற்பவர் இஸ்னாபூர். அவருடைய நாக்கில் விஷம் இருந்தது. செகந்திராபாத்தும் நானும்தான் எல்லோரையும் அடக்கிக்கொண்டிருப்போம். செகந்திராபாத் என்பது என்னோடு சேர்ந்து குழுவைக் கவனித்துக்கொண்ட இன்னொருவர். நிதானமான ஆள் என்பதைத் தவிர அவரைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது.

குழுவிலேயே எல்லோருக்கும் பிடித்தவர் பட்டான்செரு நைட் ஷிஃப்ட். மருந்துக் கம்பெனி ஒன்றில் இரவு வேலை. காலையில் வந்து மொட்டைமாடியில் பயிற்சி செய்துவிட்டுத் தூங்கப் போவார். ஆரம்பத்தில் காலி பெயிண்ட் டப்பாவில் சிமெண்ட் நிரப்பி, நடுவில் குழாய் செருகிய எடைதான் அவரிடம் இருந்தது. அந்த முதல் படத்தை நாங்கள் கொண்டாடித் தீர்த்தோம். பிறகு இரும்பு டம்பெல் ஒரு ஜோடி வாங்கினார். புதிதாக வருகிற யார் எதைக் கேட்டாலும் முதலில் பதில் சொல்வது அவர். எனக்கே ஒரு தடவை முழங்கால் வலிக்கு அவர் சொன்ன யோசனை பலித்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நாங்கள் செகந்திராபாத்தில் ஒரு ஃபங்ஷன் ஹாலில் இருந்தோம். கணவரின் ஆபீஸ் நண்பர் மகளுக்குப் பாவாடை தாவணிச் சடங்கு. பிள்ளைகளை மாமியாரிடம் விட்டுவிட்டு வந்திருந்தோம். போன் கைப்பையில் சத்தமில்லாமல் கிடந்தது. சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு எடுத்துப் பார்த்தேன். குழுவில் நூற்றுக்கணக்கான செய்திகள்.

முதல் செய்தி பட்டான்செரு நைட் ஷிஃப்ட் எழுதியது. ஒரு வருஷத்துக்கு மேல் ஊசி போட்டுக்கொண்டதாகவும், உடம்பு பயமுறுத்தியதால் சில மாதங்களுக்கு முன் ஒரேயடியாக நிறுத்திவிட்டதாகவும் எழுதியிருந்தார். நிறுத்தியதிலிருந்து தூக்கம் இல்லை, எழுந்திருக்கப் பிடிக்கவில்லை, வேலைக்கும் சரியாகப் போகவில்லை. கடலையும் முட்டையும் தின்று வளர்ந்த உடம்பு என்று உங்களை நம்ப வைத்தேன், மன்னித்துவிடுங்கள் என்று முடித்திருந்தார்.

அதற்குக் கீழே மழை போல வசவு. திருடன், நடிகன், வெளியே தள்ளு. இஸ்னாபூர் எழுதியிருந்தார்: "எங்களை முட்டாளாக்கினாய். உன்னைப் போன்றவன் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன?"

எல்லாவற்றுக்கும் கடைசியில் மறுபடி அவருடைய செய்தி. "என் டம்பெல்களை யாருக்காவது வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள். இனி எனக்குத் தேவைப்படாது. அண்ணா, எல்லாவற்றுக்கும் நன்றி." அதோடு குழுவிலிருந்து போய்விட்டிருந்தார்.

கை கழுவும் இடத்தின் சுவரில் சாய்ந்துகொண்டேன். தனிச்செய்தி அனுப்பினேன், போகவில்லை. கணக்கையே அழித்துவிட்டிருந்தார். அவர் பெயர் எனக்குத் தெரியாது. எண் தெரியாது. எந்தத் தெரு, எந்தக் கம்பெனி, எதுவும் தெரியாது. யாரையும் யாரும் கண்டுபிடிக்க முடியாதபடி அமைத்தவளே நான்தானே.

போன் நடுங்கியது. குழுச் செயலி வழியாகச் செகந்திராபாத் அழைக்கிறார். இதுவரை நாங்கள் பேசியதே இல்லை. எடுத்தேன்.

"பையா, பார்த்தீங்களா?" என்று இந்தியில் அண்ணா போட்டு ஆரம்பித்தார்.

"பார்த்தேன்" என்றேன்.

என் குரலைக் கேட்டதும் தனக்குத்தானே, "அய்யோ முருகா" என்றார்.

"நீங்க தமிழா?" என்று கேட்டேன்.

"ஹவ் மா, தமிழ்தான். அஞ்சு தலைமுறையா இங்கதான். நீங்க... சந்தாநகர் அண்ணாவோட வீட்லயா?"

"நாந்தானுங்க சந்தாநகர்."

"சரி மா. அதெல்லாம் அப்புறம். அந்த ஆளைத் தேடணும். டென்ஷன் நக்கோ, பதறாதீங்க, யோசிப்போம்" என்றார். போலீசுக்குப் போன் செய்ததாகவும், பெயரும் விலாசமும் கேட்கிறார்கள் என்றும் சொன்னார். பட்டான்செருவில் இரவு வேலை செய்கிற ஒருவர் என்று தேடினால் ஆயிரக்கணக்கான பேர்.

எங்களிடம் இருந்தது அவருடைய படங்கள் மட்டும். அவர் போட்ட பழைய மொட்டைமாடிப் படங்களை நான் ஒவ்வொன்றாகத் திறந்தேன். எல்லாவற்றிலும் நாங்கள் அவருடைய தோளைத்தான் பார்த்திருந்தோம். இப்போது தோளுக்குப் பின்னால் பார்த்தேன். சிவப்பு வெள்ளை அடித்த செல்போன் டவர். அதன் பக்கத்தில் ஒரு மசூதி மினார். பாதி கட்டி நிற்கும் கட்டடத்தில் நீல நிறத் தார்ப்பாய். படங்களைக் குழுவில் போட்டு எழுதினேன்: "வேறு யாரும் எதுவும் எழுத வேண்டாம். இந்த இடம் எது என்று தெரிந்தவர்கள் மட்டும் சொல்லுங்கள். அவர் உயிருக்கு ஆபத்து."

கொஞ்ச நேரம் முன்பு வரை கல்லெறிந்துகொண்டிருந்த கூட்டம் சட்டென்று அடங்கியது. பிறகு ஒருவர், டவர் பட்டான்செருவில்தான் என்றார். இன்னொருவர் மினாரை அடையாளம் சொன்னார். பட்டான்செரு பஸ்ஸ்டாண்டு என்ற உறுப்பினர் அப்போது கரீம்நகரில் இருந்தார். "டவரும் மினாரும் இப்படி ஒட்டினாற்போலத் தெரிய வேண்டுமென்றால் மார்க்கெட்டுக்குப் பின்னால் இருக்கும் லைன் வீடுகளாகத்தான் இருக்கும். நீலத் தார்ப்பாய் கட்டடத்துக்கு நேர் எதிரே" என்று எழுதினார்.

அதற்கு அடுத்த வரியில் இஸ்னாபூர்: "எனக்குப் பக்கம். கிளம்பிவிட்டேன்."

எனக்குப் பகீரென்றது. யார் போகக் கூடாதோ அவரே போகிறார். நிறுத்தச் சொல்லி எழுதினேன், அவர் பார்க்கவில்லை. வண்டியில் போய்க்கொண்டிருந்திருப்பார்.

கணவரை இழுத்துக்கொண்டு வெளியே வந்தேன். "ஏங்க, பட்டான்செரு போகணும். இப்பவே." அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேள்வி கேட்காமல் காரை எடுத்தார். பேசி வைத்தபடி கிளாக் டவர் அருகே செகந்திராபாத் நின்றிருந்தார். ஐம்பது வயதிருக்கும். ரயில்வே பார்சல் ஆபீசில் வேலை என்றார். குள்ளமாக, சட்டைக் கை இறுகும் புஜங்களோடு, கண்ணாடி போட்டுக்கொண்டு. என் கணவரைப் பார்த்துக் கும்பிட்டார், பின்சீட்டில் ஏறினார்.

பாலாநகரைத் தாண்டுவதற்குள் கணவருக்கு எல்லாவற்றையும் சொன்னேன்.

"நீதான் அட்மினா? அத்தன பேருக்கா?" என்றார்.

"ஆமாங்க."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"பயமா இருந்துச்சு."

குகட்பல்லியில் மெட்ரோ தூண்களுக்குக் கீழே வண்டிகள் அடைத்து நின்றன. கணவர் ஹாரனை அழுத்தியபடியே இருந்தார், அவர் அப்படி அழுத்தி நான் பார்த்ததில்லை. பின்சீட்டில் செகந்திராபாத் இஸ்னாபூரைத் திரும்பத் திரும்ப அழைத்துக்கொண்டிருந்தார். மணி அடித்து நின்றது.

"கைக்கு எடுக்கல இவன், ஏன்?" என்றார். "அங்க போய் ஏதாச்சும் சொல்லிட்டானா? வாய் சும்மா இருக்காதே அவனுக்கு."

"அப்படிச் சொல்லாதீங்கண்ணா" என்றேன். எனக்கும் அதுதான் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் பகுதியைத் தாண்டும்போது என் வீட்டுத் தெரு திரும்பும் இடத்தைப் பார்த்தேன். காலையில் இந்த வழியாகத்தானே பட்டுப்புடவை கட்டிக்கொண்டு சிரித்துப் போனோம் என்று இருந்தது. போனைப் பார்க்கவே பயம், பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை. ஏதாவது செய்தி வந்தால் அது எந்தச் செய்தியாக இருக்கும்?

பி.எச்.இ.எல். தாண்டியதும் வந்தது. இஸ்னாபூர் ஒரு வரைபடக் குறியை அனுப்பியிருந்தார். கூடவே: "டம்பெல் எடுத்துக்கொள்ள வந்தேன் என்று சொல்லியிருக்கிறேன். பேசிக்கொண்டிருக்கிறோம். நான் யார் என்று சொல்லவில்லை. சீக்கிரம் வாருங்கள் அண்ணா. எனக்குப் பயமாக இருக்கிறது."

செகந்திராபாத் அதைச் சத்தமாகப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் அழுதேன். கணவர் வேகத்தைக் கூட்டினார்.

தொழிலாளர்கள் அறை அறையாகத் தங்கியிருக்கும் மூன்று மாடிக் கட்டடம். படிக்கட்டு முழுக்கச் செருப்புகள், காயும் சட்டைகள். புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஏறினேன். மொட்டைமாடிக் கதவுக்கு முன்னால் ஒரு கணம் நின்றேன். அந்தப் பக்கம் எந்தச் சத்தமும் இல்லை. கதவைத் தள்ளக் கை வரவில்லை. கணவர் தள்ளினார்.

தண்ணீர்த் தொட்டியின் நிழலில் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் அந்த இரும்பு டம்பெல்கள். ஒருவர் மெலிந்துகொண்டிருக்கும் பெரிய உடம்பு, பல நாள் தாடி. முகம் எனக்குப் புதிது, தோளை நன்றாகத் தெரியும். இன்னொருவர் முப்பது வயதைத் தாண்டியவர், நல்ல தொப்பை, டயர்க்கடைச் சட்டை, கையெல்லாம் கருப்பு. எத்தனையோ பேருடைய உடம்பை விசாரணை செய்த இஸ்னாபூர் இவர்தான். டம்பெல்லை எப்படிப் பிடிப்பது என்று கேட்டு, தப்பாகப் பிடித்து, அவரைக் கொண்டு திருத்தச் சொல்லி, மறுபடி தப்பாகப் பிடித்து நேரத்தை ஓட்டியிருக்கிறார். எங்களைப் பார்த்ததும் அவர் முகத்தில் அப்படி ஒரு விடுதலை.

மெலிந்தவர் எழுந்து நின்றார். என் கணவரைப் பார்த்து, "சந்தாநகர் அண்ணாவா?" என்று தெலுங்கில் கேட்டார்.

கணவர் என்னைக் காட்டினார்.

அவர் என்னையும் என் பட்டுப்புடவையையும் பார்த்தார். "அக்காவா?" என்றார். பிறகு, "நானும் பொய் சொன்னேன்" என்று சொல்லி முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

ஏதாவது தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று பயந்தேன். வாயில் வந்தது, "சாப்பிட்டீங்களா?" என்பதுதான். இல்லை என்று தலையசைத்தார். நேற்றிலிருந்து இல்லை. ஃபங்ஷன் ஹாலில் கொடுத்த பலகாரப் பெட்டி கணவரின் கையில் இருந்தது. எப்படி அதைத் தூக்கிக்கொண்டே மாடி ஏறினார் என்று அவருக்கே தெரியவில்லை. அந்தச் சூட்டில், தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே உட்கார்ந்து, ஐந்து பேரும் லட்டைப் பிட்டுச் சாப்பிட்டோம்.

சாப்பிட்டபடியே அவர் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். ஸ்ரீகாகுளத்துக்காரர். இரவு வேலையில் உடம்பு ஒரு அளவுக்கு மேல் வளரவில்லை. ஜிம் ஆள் ஒருவன் ஊசியைக் காட்டினான். "பெயிண்ட் டப்பா படத்துக்கு நீங்கள் எல்லோரும் எழுதியதை நான் எத்தனை தடவை படித்திருப்பேன் தெரியுமா அக்கா? அதற்குப் பிறகு அதைவிடக் குறைந்த படத்தைப் போட எனக்குத் தைரியம் இல்லை."

அன்று நான் பயந்தவற்றில் இந்தச் சொல்தான் அதிகம் பயமுறுத்தியது. எங்கள் பாராட்டுக்கு இப்படி ஒரு பலன் உண்டு என்று நான் நினைத்ததே இல்லை.

ஆஸ்பத்திரிக்கு வர மறுத்தார். வேலை போய்விடும், போலீஸ் வரும் என்றார். செகந்திராபாத் அவர் தோளில் கை வைத்துத் தெலுங்கில் சொன்னார்: "காய்ச்சல் வந்தால் போவீர்கள் அல்லவா? இதுவும் அந்த மாதிரிதான். நாங்கள் கூடவே இருக்கிறோம்." அவரைக் காரில் நடுவில் உட்காரவைத்து அழைத்துப் போனோம். இஸ்னாபூர் டயர்க்கடையை மூடச் சொல்லி யாருக்கோ போன் செய்துவிட்டுப் பைக்கில் பின்தொடர்ந்தார்.

டாக்டர் ஒரு வயதான பெண்மணி. பொறுமையாகக் கேட்டார். ஹார்மோன் ஊசியாக வெளியிலிருந்து வரும்போது, உடம்பு தானாகச் சுரக்க வேண்டியதை நிறுத்திவிடும். ஊசியைச் சட்டென்று நிறுத்தினால் இரண்டும் இல்லாமல் போகும். அப்போது மனசு இருண்டு போவது அவருடைய பலவீனம் இல்லை, உடம்பில் நடக்கிற ஒன்று, மருத்துவம் உண்டு, மாதங்கள் ஆகலாம், தனியாக விடாதீர்கள் என்றார். மனநல மருத்துவரிடமும் அனுப்பினார். அதைக் கேட்டபோது பட்டான்செருக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள்கள் தளர்ந்ததைப் பார்த்தேன்.

வெளியே வராந்தாவில் இஸ்னாபூர் என்னிடம் வந்தார். கருப்பு படிந்த கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

"நான் யார்னு அவர்கிட்ட சொல்லணுமா அக்கா?" என்று இந்தியில் கேட்டார்.

"உங்க இஷ்டம்" என்றேன்.

அவர் உள்ளே போனார். கதவு மூடியிருந்தது. என்ன பேசினார்கள் என்று இருவருமே இன்றுவரை எனக்குச் சொன்னதில்லை. திரும்பி வந்தபோது இஸ்னாபூரின் கண்கள் சிவந்திருந்தன. அதன் பிறகு ஒவ்வொரு முறையும் ஆஸ்பத்திரிக்குப் பட்டான்செருக்காரரைப் பைக்கில் அழைத்துப் போவது இஸ்னாபூர்தான்.

குழுவில் நடந்ததை எழுதினேன். நான் பெண் என்பதையும் எழுதினேன். அனுப்பும் பொத்தானை அழுத்திவிட்டுப் போனைச் சமையலறையில் வைத்துவிட்டுப் போய்த் துணி மடித்தேன். அபார்ட்மெண்ட் கேட்டின் நிறத்தை மறுபடி யாராவது எழுதுவார்களோ என்று உள்ளே உதறியது. திரும்ப வந்து பார்த்தபோது சிலர் கேலி செய்திருந்தார்கள், சிலர் போயிருந்தார்கள். பலர் "அக்கா" என்று மாற்றிக்கொண்டு, முந்தைய நாள் விட்ட கேள்வியிலிருந்தே தொடர்ந்திருந்தார்கள். முழங்கை வலிக்கிறது அக்கா, என்ன செய்ய?

வெளியேற்றும் விதியை எடுத்துவிடலாம் என்று செகந்திராபாத்தும் நானும் சொன்னபோது பெரிய சண்டை நடந்தது. ஊசி போட்டவனுக்கும் இடம் உண்டு என்றால் இது என்ன சுத்தமான குழு என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஊசியை நிறுத்தியவர்களுக்கும் நிறுத்த நினைக்கிறவர்களுக்கும் குழுவுக்குள்ளேயே தனியாக ஒரு அரட்டை அறை திறந்தோம். அங்கே படம் போடக் கூடாது, யாரும் யாரையும் விசாரிக்கக் கூடாது. குழுவில் கணிசமான பேர் அதைப் பொறுக்காமல் விலகினார்கள். அந்த அறை முதல் வாரத்திலேயே நிரம்பத் தொடங்கியது. எங்களோடு வருஷக்கணக்கில் இருந்தவர்கள், மற்றவர்களைச் சத்தமாக வைதவர்கள்கூட, மெல்ல உள்ளே வந்தார்கள். அன்று எனக்குக் கோபம் வரவில்லை. இவர்களில் எத்தனை பேர் இப்படித் தனியாக ஒரு மாடியில் உட்கார்ந்திருந்திருப்பார்கள் என்ற நடுக்கம்தான் வந்தது.

இன்னொன்றும் மாற்றினோம். பெயர் இப்போதும் வேண்டாம். ஆனால் ஒவ்வொருவரும் குழுவில் வேறு ஒருவருக்காவது தன் போன் எண்ணையும் விலாசத்தையும் கொடுத்திருக்க வேண்டும். யாரிடம் என்பது அவர் விருப்பம். என்னுடையதைச் செகந்திராபாத்துக்குக் கொடுத்தேன். ஒரு பண்டிகை நாளில் அவர் மனைவியோடு எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தார். என் மகள் அவரோடு தெலுங்கில் பேச, அவர் தமிழில் பதில் சொல்ல, என் கணவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

பட்டான்செருக்காரர் தன் எண்ணை எனக்குக் கொடுத்தார். இப்போது வேலைக்குப் போகிறார். உடம்பு பாதியாகிவிட்டது, அவர் அதைப் பற்றிப் பேசுவதில்லை, நானும் கேட்பதில்லை. புதிதாக வருகிறவர்களுக்கு மறுபடி பதில் எழுதுகிறார். ஆனால் என் பயம் போகவில்லை. அவர் இரண்டு நாள் எழுதாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. போன வாரம் ஒருநாள் காலையிலிருந்து அழைத்துக்கொண்டேயிருந்தேன், எடுக்கவில்லை. ஆபீஸ் மீட்டிங்கில் இருந்து எழுந்து வெளியே வந்து படிக்கட்டில் நின்று மறுபடி அழைத்தேன். இஸ்னாபூரைக் கூப்பிடலாமா, கணவரைக் கார் எடுக்கச் சொல்லலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது எடுத்தார்.

"அக்கா" என்றார், தூக்கம் கலையாத குரலில். "ராத்திரி டபுள் ஷிஃப்ட். இப்போதுதான் கண்ணை மூடினேன். நீங்கள் அழைத்தால் எடுக்காமல் எங்கே போய்விடப் போகிறேன்?"

"ஒண்ணுமில்ல, தூங்குங்க" என்றேன்.

வைத்துவிட்டேன். அப்புறமும் கொஞ்ச நேரம் அந்தப் படிக்கட்டிலேயே, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு மீட்டிங்குக்குத் திரும்பினேன்.